முல்தான் தர்கா வாரிசுகளும் ஓட்டுப் பெட்டியும்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பாகிஸ்தான் பிரதமராக இருந்த யூசுப் ரசா கிலானி, நம் ஊரில் முகைதீன் ஆண்டவர் என்று சொல்கிற அப்துல் காதிர் ஜீலானியின் வம்சமாமே, உண்மையா? உலகத்தை உதறிய ஒரு சூபியின் வழியில் வந்தவர் எப்படி ஓட்டுக் கேட்டு நின்றார்? முரீதுகள், அதாவது தர்காவின் சீடர்கள், கண்ணை மூடிக்கொண்டு அவருக்குப் போடுவார்களா? மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். தர்காவிலிருந்து சட்டசபைக்குப் போகிற பாதையை யார் போட்டார்கள் என்பது. அதற்குப் பதில் சொன்னால் மற்றவை தாமாகவே வந்துவிடும்.

நான் தெற்காசிய வரலாறு படித்தவன். கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் அதையே நடத்தி ஓய்வு பெற்றேன். ஆங்கிலேயர் கால பஞ்சாபின் நில விவகாரம்தான் என் ஆராய்ச்சிப் பகுதி. முல்தானுக்குப் போனதில்லை. உருது படிப்பேன், அந்த ஊர்ப் பேச்சான சராய்க்கி தெரியாது. ஆகவே தெருவில் மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதற்கு நான் சாட்சி இல்லை. ஆவணத்தில் இருப்பதையும் தேர்தல் முடிவில் தெரிவதையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் ஒரு சங்கதி. 2007 டிசம்பர் 27 அன்று பேநசீர் புட்டோ கொல்லப்பட்டார். 2008 பிப்ரவரித் தேர்தலில் அவருடைய மக்கள் கட்சி மற்றவர்களைவிட அதிக இடம் பிடித்தது. யார் பிரதமர் என்ற பேச்சில் அடிபட்ட முக்கியமான பெயர்கள் நான்கு: மக்தூம் அமீன் பஹீம், யூசுப் ரசா கிலானி, ஷா மஹ்மூத் குரைஷி, அஹ்மத் முக்தார். இதில் முக்தார் தொழிலதிபர் குடும்பம். மற்ற மூன்று பேரும் தர்கா வாரிசுகள். அமீன் பஹீம் சிந்து மாகாணத்து ஹாலாவில் அடங்கியிருக்கும் மக்தூம் நூஹ் வழியில் வந்தவர், சர்வரி ஜமாஅத் என்ற பெரிய முரீது கூட்டத்துக்குப் பீர், அதாவது குரு. கிலானியும் குரைஷியும் முல்தான்காரர்கள். கிலானி பிரதமரானார், குரைஷி அவருடைய அமைச்சரவையில் வெளியுறவு அமைச்சரானார். அமீன் பஹீமும் பின்னால் அதே அமைச்சரவைக்கு வந்து சேர்ந்தார். ஒரு நாட்டின் பெரிய கட்சி, பிரதமர் நாற்காலிக்கு ஆள் தேடிப் போகும்போது நான்கில் மூன்று தடவை தர்கா வாசலில் போய் நிற்கிறது என்றால் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

வம்சக் கேள்விக்கு வருகிறேன். கிலானி என்பதும் ஜீலானி என்பதும் ஒரே சொல். வட ஈரானில் காஸ்பியன் கடலோரம் கீலான் என்று ஒரு பகுதி. அங்கே பிறந்து பாக்தாதில் போதித்து 1166-ல் மறைந்தவர் அப்துல் காதிர். நம் பக்கம் ரபியுல் ஆகிர் மாதம் அவருக்குக் கொடியேற்றி மௌலிது ஓதுகிறோமே, அதே பதினோராம் நாளைத்தான் பாகிஸ்தானில் கியார்வீன் என்று சோறு சமைத்துக் கொண்டாடுகிறார்கள். நாகூர் ஆண்டகையும் அவர் பெயரில் வழங்கும் காதிரிய்யா தரீக்காவை, அதாவது சூபி வழியைச் சேர்ந்தவர்தான். அந்த வகையில் உங்கள் கேள்வி நமக்கு ரொம்பத் தூரத்துக் கேள்வி இல்லை.

அப்துல் காதிரின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொண்ட ஒரு குடும்பம் 15-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் பஞ்சாபின் உச் என்ற ஊரில் வந்து குடியேறியது. அந்தக் குடும்பத்தில் அக்பர் காலத்தில் இருந்தவர் மூசா பாக். டெல்லியின் பெரிய ஹதீஸ் அறிஞரான ஷைகு அப்துல் ஹக், இவரிடம்தான் பைஅத்து செய்தார், அதாவது சீடராக உறுதிமொழி கொடுத்தார். 16-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சண்டையில் கொல்லப்பட்டதால் மூசா பாக் ஷஹீத் என்ற பெயர் நிலைத்தது. அவருடைய அடக்கஸ்தலம் முல்தானின் பழைய நகர மதிலின் பாக் வாசலுக்கு உள்ளே இருக்கிறது. யூசுப் ரசா கிலானி இந்த மூசா பாக் குடும்பம். இதுவரை உறுதியாகச் சொல்லலாம். அதற்கு மேலே, உச்சிலிருந்து பாக்தாதுக்குப் போகிற சங்கிலிக்குச் சான்று குடும்பத்தார் வைத்திருக்கும் ஷஜரா, அதாவது வம்ச அட்டவணை. நடுவில் முந்நூறு வருஷம், மங்கோலியர் படையெடுப்பு, நாடு விட்டு நாடு பெயர்ச்சி. அந்த அட்டவணையைப் பொய் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை, வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அரசியலுக்கு அந்தச் சங்கிலி மெய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊர் ஒப்புக்கொண்டால் போதும், ஊர் நாலு நூற்றாண்டாக ஒப்புக்கொண்டிருக்கிறது. கிலானி தன் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: அப்துல் காதிர், அலி மூசா, அலி ஹைதர், அலி காசிம். வேட்புமனுவிலேயே பாதி ஷஜரா வந்துவிடுகிறது.

சூபி என்றால் உலகத்தை உதறியவர் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. சிஷ்திய்யா வழியில் அப்படி ஒரு கொள்கை இருந்தது, அரசன் வாசலை மிதிக்கக் கூடாது என்று. முல்தான் கதை வேறு. அந்த ஊரின் பெரிய தர்கா பஹாவுத்தீன் ஸகரிய்யாவுடையது, குரைஷி குடும்பம் அதன் பரம்பரை வாரிசு. 1262-ல் மறைந்த ஸகரிய்யா, பாக்தாதில் ஷிஹாபுத்தீன் சுஹ்ரவர்தியிடம் பயின்று திரும்பியவர். அவருடைய கான்காவில், அதாவது சூபி மடத்தில், தானியக் கிடங்கும் கஜானாவும் இருந்தன. சுல்தான் இல்துத்மிஷின் பக்கம் வெளிப்படையாகச் சாய்ந்தவர், அந்த ஆட்சியில் ஷைகுல் இஸ்லாம் பட்டமும் பெற்றார். பணம் இருக்கலாம், பணத்தின் மேல் மனசு இருக்கக் கூடாது என்பது அந்த வழியில் வந்த சுஹ்ரவர்திகள் வாதம். அவருடைய பேரர் ருக்னே ஆலம் அடங்கியிருக்கும் கட்டடத்தைக் கியாசுத்தீன் துக்ளக் தனக்காகக் கட்டிக்கொண்டதாகவும், மகன் முகம்மது பின் துக்ளக் அதை ஷைகுக்குக் கொடுத்துவிட்டதாகவும் ஒரு மரபு உண்டு. கட்டடக்கலை ஆய்வாளர்கள் எல்லோரும் இதை ஏற்பதில்லை. ஆனால் அதே முகம்மது பின் துக்ளக், ருக்னே ஆலமின் சகோதரர் தனக்காகப் போரில் உயிர் விட்டதற்கு ஈடாக, கான்காவில் சோறு போட நூறு கிராமங்களைக் கொடுத்ததை இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். ஆக, 14-ம் நூற்றாண்டிலேயே நிலமும் அரசனும் தர்காவும் ஒரே முடிச்சு.

சஜ்ஜாதா நஷீன் என்று ஒரு பதவி. தொழுகை விரிப்பில் உட்கார்ந்திருப்பவர் என்று பொருள், பெரும்பாலும் தகப்பனுக்குப் பின் மூத்த மகன். மக்தூம் என்ற பட்டமும் இவர்களுக்கு உண்டு. நம்மிடம் மகுதூம் என்று ஆட்களுக்குப் பெயராக வழங்குவது இதேதான். காதிம் என்றால் பணிவிடை செய்பவர், மக்தூம் என்றால் பணிவிடை பெறுபவர். ஓட்டுக் கேட்டு வருகிறவர் பெயருக்கு முன்னால் இப்படி ஒரு பட்டம் இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே படும்.

இந்த முடிச்சை இன்றைய வடிவத்துக்கு இறுக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். சீக்கியர்களிடமிருந்து 1849-ல் பஞ்சாபைப் பிடித்த கையோடு, கிராமத்தில் யார் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள் என்று கணக்கெடுத்தார்கள். தென்மேற்கு மாவட்டங்களில் அந்தக் கணக்கு பீர்களில் போய் நின்றது. 1857 கலகத்தில் ஸகரிய்யா தர்காவின் மக்தூம் ஆங்கிலேயர் பக்கம் நின்று ஆள் கொடுத்தார், பின்னால் ஜாகீர் என்ற நில மானியமும் ஒரு தோட்டமும் வெகுமதியாகப் பெற்றார். அவர் பெயர் ஷா மஹ்மூத். இன்றைய குரைஷிக்கு அதே பெயர் என்பதால் எதிர்க்கட்சி மேடைகளில் இந்தக் கதை வருஷா வருஷம் தூசு தட்டப்படும். கிலானிகளை விட்டு இவரை மட்டும் சாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அன்றைக்குப் பஞ்சாபின் பெரிய குடும்பங்களில் எதிர்த்து நின்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதைவிட முக்கியமானது 1900-ல் வந்த நில உரிமை மாற்றச் சட்டம். கடனுக்காக விவசாயி நிலம் வட்டிக்கடைக்காரன் கைக்குப் போகாமல் தடுக்க, விவசாயக் குலங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு நிலத்தை விற்கக் கூடாது என்றது அரசு. பல மாவட்டங்களில் நபி வம்சத்தார் எனப்படும் சையிதுகளையும் குரைஷிகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். சோறு போட்டு, தாயத்துக் கட்டி, துஆ ஓதிய குடும்பங்கள் இதனால் சட்டப்படி நிலக்கிழார் வகுப்பாயின. நிலம் இருந்தால்தான் மாவட்ட வாரியத்தில் ஓட்டும் இடமும். அப்புறம் என்ன, 1920-களில் சட்டசபைத் தேர்தல் வந்தபோது பீர்கள் தயாராக இருந்தார்கள். முதலில் நிலக்கிழார்களின் யூனியனிஸ்ட் கட்சிப் பக்கம் நின்றார்கள். 1937-ல் பஞ்சாபில் முஸ்லிம் லீக்குக்குக் கிடைத்தது வெறும் 2 இடம். பீர்களும் ஜமீன்களும் கட்சி மாறிய பிறகு 1946-ல் 73. பாகிஸ்தான் கோரிக்கைக்கு இருந்த வெகுஜன ஆதரவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பஞ்சாபின் கிராமத் தொகுதிகளில் லீக் பேசியது பீரின் பெயரைச் சொல்லித்தான்.

நாகூரிலோ ஏர்வாடியிலோ தர்கா வாரிசுகள் ஏன் இப்படிப் பிரதமர் வேட்பாளர்களாகவில்லை என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். நம்பிக்கையில் நாம் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. நாகூர் மனோராவைத் தஞ்சாவூர் மராத்திய மன்னர் கட்டிக் கொடுத்தார் என்றால் மானியத்துக்கும் குறைவில்லை. ஆனால் இங்கே நம் முஸ்லிம் ஊர்கள் பெரும்பாலும் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் வளர்ந்தவை. சுற்றிலும் நூறு கிராமத்துக் குத்தகைக்காரர்கள் ஒரே தர்காவின் முரீதுகளாகவும் ஒரே ஜமீனின் ஆட்களாகவும் இருக்கிற நிலைமை இங்கே உருவாகவில்லை. ஆகவே என் கணிப்பில் வித்தியாசம் கந்தூரியில் இல்லை, பட்டாவில் இருக்கிறது.

பாகிஸ்தான் வந்த பிறகு அரசு இவர்களைத் தட்டிப் பார்க்காமல் இல்லை. 1959-ல் அயூப் கான் ஆட்சியில் வக்ஃபு அவசரச் சட்டம் வந்தது. பெரிய தர்காக்களின் உண்டியலும் சொத்தும் அவ்காஃப் என்ற அரசின் வக்ஃபுத் துறைக்குப் போயின. அதே வருஷமும் 1972-லும் நில உச்சவரம்பு. உண்டியல் போனாலும் விரிப்பில் உட்காரும் உரிமை போகவில்லை. உரூஸ் என்ற ஆண்டு விழா அன்று கபுரை, அதாவது கல்லறையை, பன்னீரால் கழுவுவது இன்றும் மக்தூம்தான், அரசு அதிகாரி பக்கத்தில் நிற்பார். நிலத்தையும் சொந்தக்காரர் பெயர்களில் பிரித்து எழுதிப் பெருமளவு காப்பாற்றிக்கொண்டார்கள். உச்சவரம்புச் சட்டங்களுக்கு நம் ஊரிலும் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

கிலானியின் வளர்ச்சி இந்த இடத்தில் தொடங்குகிறது. 1952-ல் பிறந்தவர், அப்பா அலம்தார் ஹுசைன் கிலானி அமைச்சராக இருந்தவர். ஜியாவுல் ஹக்கின் ராணுவ ஆட்சியில் 1983-ல் முல்தான் மாவட்ட கவுன்சில் தலைவரானார். 1985-ல் ஜியா கட்சி இல்லாத தேர்தல் நடத்தினார். கட்சிப் பெயரும் கொள்கையும் கூடாது என்று சொல்லிவிட்டால் வாக்காளனிடம் என்ன மிச்சம்? குலம், நிலம், பீர். தர்கா குடும்பங்களுக்கு அதைவிடத் தோதான தேர்தல் கிடைக்காது. கிலானி ஜெயித்து அமைச்சரானார். 1988-ல் மக்கள் கட்சிக்கு மாறி முல்தானில் நவாஸ் ஷெரீபையே தோற்கடித்தார். 1993-ல் சபாநாயகர். முஷாரப் காலத்தில் 2001-ல் கைதாகி 2006 வரை அடியாலா சிறையில் இருந்தார். அந்த ஐந்து வருஷச் சிறைதான் கட்சிக்குள் அவருக்கு மதிப்பைக் கூட்டியது என்பது என் எண்ணம். வம்சம் மட்டும் போதுமென்றால் 2008-ல் அமீன் பஹீம் பிரதமராகியிருக்க வேண்டும், கட்சியில் அவர்தான் மூத்தவர், முரீதுகளும் அவருக்கே அதிகம். அவ்வளவு பெரிய சொந்தப் படை இல்லாத ஒருவரை பேநசீரின் கணவர் ஆசிப் அலி சர்தாரி தேர்ந்தெடுத்தார் என்று அப்போது பலரும் பேசினார்கள். அது ஊகம்தான், ஆனால் நியாயமான ஊகம்.

பதவி போனதற்கும் வம்சத்துக்கும் தொடர்பு இல்லை. சர்தாரி மீதான வழக்கைத் திரும்பத் திறக்கச் சொல்லி சுவிட்சர்லாந்துக்குக் கடிதம் எழுத உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, இவர் எழுதவில்லை. 2012 ஏப்ரல் 26 அன்று அவமதிப்புக் குற்றம் உறுதியானது. நீதிபதிகள் எழுந்து போகும் வரை தண்டனை, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிஷம் ஜூன் மாதம் பதவியைப் பறித்துவிட்டது. குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய அடி 2013 மே மாதம், தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு பிரசாரக் கூட்டத்திலிருந்து மகன் அலி ஹைதர் கடத்தப்பட்டது. மூன்று வருஷம் கழித்து ஆப்கானிஸ்தானில் மீட்கப்பட்டார்.

இனி ஓட்டு. முரீது கண்ணை மூடிக்கொண்டு போடுவாரா? ஷா மஹ்மூத் குரைஷியைப் பாருங்கள். ஸகரிய்யா தர்காவின் முரீதுகளில் பெரும் பகுதியினர் சிந்து மாகாணத்தவர். தார்ப் பாலைவனப் பக்கத்திலிருந்து சஃபர் மாத உரூஸுக்குக் கூட்டம் கூட்டமாக முல்தானுக்கு வருவார்கள், அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். மக்கள் கட்சியை விட்டு இம்ரான் கான் கட்சிக்குப் போயிருந்த அவர், அந்த நம்பிக்கையில் 2013-ல் சிந்துவின் உமர்கோட்டில் நின்றார், தோற்றார். 2018-ல் உமர்கோட்டிலும் தார்பார்க்கரிலும் நின்றார், இரண்டிலும் தோற்றார். ரயிலேறி வந்து பன்னீர் தெளிக்கிற அதே ஆட்கள், ஊருக்குத் திரும்பிப் போய் உள்ளூர் மக்கள் கட்சிக்குப் போட்டார்கள். ஏனென்றால் கால்வாய்த் தண்ணீருக்கும் டாணாவில், அதாவது காவல் நிலையத்தில், மாட்டிக்கொண்ட மருமகனுக்கும் சிபாரிசு செய்யப் போவது உள்ளூர்க்காரர், முல்தான் பீர் இல்லை.

இதற்குப் பாகிஸ்தானில் ஒரு சொல் உண்டு: தானா கச்சேரி அரசியல். நமக்கு அகராதி தேவையில்லை. டாணாக்காரன் என்று போலீஸ்காரரையும், தாலுகா கச்சேரி என்று அலுவலகத்தையும் நம் தாத்தாக்கள் சொல்லவில்லையா, அதே இரண்டு சொல்தான். காவல் நிலையத்திலும் கோர்ட்டிலும் யார் பேச்சு எடுபடுமோ அவருக்கு ஓட்டு. தர்கா வாரிசு என்பது அந்த வாசல்களில் செருப்போடு நுழைய ஓர் அனுமதி. உள்ளே போய் வேலையை முடித்துக் கொடுப்பது வேறு திறமை.

முல்தானுக்குள்ளேயே பாருங்கள். 2018-ல் குரைஷி தேசியத் தொகுதியில் ஜெயித்தார், ஆனால் அதே நாளில் மாகாணத் தொகுதியில் சல்மான் நயீம் என்ற இளம் சுயேச்சையிடம் தோற்றார். பெரிய குடும்பப் பின்னணி இல்லாத ஆள். தோல்வி மட்டும் நடக்காமலிருந்தால் குரைஷிதான் பஞ்சாப் முதல்வர் என்ற பேச்சு இருந்தது. அதே தேர்தலில் கிலானியும் தோற்றார். 2022 ஜூலையில் குரைஷியின் மகன் ஜைன், தன் தேசிய இடத்தை விட்டுவிட்டு, அப்பாவைத் தோற்கடித்த அதே சல்மான் நயீமுக்கு எதிராக நின்று ஜெயித்தார். மூன்று மாதத்துக்கு முன்புதான் இம்ரான் கான் ஆட்சி கவிழ்ந்திருந்தது, அனுதாப அலை வீசிய நேரம். அவர் விட்டுப்போன இடத்துக்கு அக்டோபரில் இடைத்தேர்தல், குரைஷி தன் மகள் மெஹர் பானோவை நிறுத்தினார். எதிரே கிலானியின் மகன் அலி மூசா. அதே நாளில் இம்ரான் கான் தானே நின்ற தொகுதிகளில் பெரும்பாலானவற்றை அள்ளினார், இங்கேயோ அலி மூசா 20,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டு பக்கமும் தர்கா. ஆக முரீது ஓட்டு என்று ஒன்று இருந்தாலும் அது இரண்டாக உடைந்து கழிந்துவிடுகிறது. முடிவு செய்தது மற்ற விஷயங்கள்: வேட்பாளர் எத்தனை கல்யாணத்துக்கும் ஜனாஸாவுக்கும் போனார், கட்சிக்காரர்களே குடும்ப வாரிசு என்று முணுமுணுத்தார்களா என்பது போல.

விதிவிலக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிந்துவில் பீர் பகாரோவின் ஹுர் முரீதுகள். 1943-ல் ஆங்கிலேயர் தூக்கிலிட்ட பீர் சிப்கத்துல்லா ஷாவின் கூட்டம் அது. அங்கே பீர் சொன்னால் அதற்கு மறுபேச்சு மிகக் குறைவு. நீங்கள் படித்த 'கண்ணை மூடிக்கொண்டு' கதைகளில் பல அங்கிருந்து வந்திருக்கலாம். அதை முல்தானுக்குப் பொருத்த முடியாது.

வம்ச அரசியலால் ஊருக்குக் கெடுதலா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். பஞ்சாபின் தாலுகாக்களை ஒப்பிட்ட ஒரு பொருளாதார ஆய்வு, தர்காக்கள் அடர்ந்திருந்து அந்தக் குடும்பங்கள் நேரடி அரசியலிலும் இருந்த இடங்களில் எழுத்தறிவு பின்தங்கியதைக் காட்டியது. 1977 ராணுவ ஆட்சிக்குப் பிறகு இது கூடியது என்றும் சொன்னது. எண்கள் எனக்கு நம்பத் தகுந்தவையாகவே பட்டன. ஆனால் குற்றவாளி பீரா, பெருநிலக்கிழாரா என்பதை அந்த ஊர்களில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், இரண்டும் ஒரே ஆள். கிலானி பிரதமராக இருந்தபோது முல்தானுக்கு மேம்பாலங்களும் விமான நிலைய விரிவாக்கமும் கொண்டு வந்தார் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வதும் உண்டு.

முல்தானைப் பற்றிப் பாரசீகத்தில் ஒரு பழைய கேலி இருக்கிறது. அந்த ஊர் தருகிற பரிசு நான்கு: தூசு, வெயில், பிச்சைக்காரர், கல்லறை. 2024 பிப்ரவரித் தேர்தலின்போது குரைஷி சிறையில் இருந்தார், அவர் கட்சிக்குச் சின்னம்கூட இல்லை. அப்படியும் ஜைன் சுயேச்சையாக நின்று தேசிய இடம் ஒன்றைப் பிடித்தார். மெஹர் பானோ மறுபடி அலி மூசாவிடம் தோற்றார். கிலானியும் ஜெயித்தார், மகன்கள் அப்துல் காதிரும் அலி ஹைதரும்கூட ஜெயித்தார்கள். கிலானி செனட்டுக்குப் போய் ஏப்ரலில் அதன் தலைவரானார். அவர் விட்டுப்போன தேசிய இடத்துக்கு மே மாதம் இடைத்தேர்தல் வைத்தார்கள். அதில் ஜெயித்தவர் அலி காசிம், மிச்சமிருந்த மகன்.